வீடு பார்க்க வந்தவர்கள்: மடுல்கெல்ல லயங்களிலிருந்து ஒரு வரலாறு

வீடு வாங்குறதுக்கு முன்னாடி வீட்டைப் பார்க்கணும். இதை யாரும் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் 'பார்க்கிறது' என்றால் என்ன? யார் பார்க்கிறது, யாருக்காகப் பார்க்கிறது? பார்த்து எழுதின தாள் கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேருகிறது? நாங்கள் இந்தக் கட்டுரையில் பேசப்போவது இந்தக் கேள்விகளைத்தான்.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. மடுல்கெல்ல, பன்வில பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த நம்ம தலைமுறையில் பலர் கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைத்த காசை வைத்துக்கொண்டு வத்தேகம, கட்டுகஸ்தோட்டை, திகன பக்கம் பத்துப் பேர்ச்சஸ் காணியோ ஒரு பழைய வீடோ தேடுகிறார்கள். பெரும்பாலும் குடும்பத்திலேயே முதன்முதலாக வீடு வாங்கப்போகிறவர்கள். அனுபவம் கேட்கலாம் என்று அப்பா அம்மாவிடம் போனால், "நாங்க எங்க வீடு வாங்கினோம், உனக்குச் சொல்றதுக்கு?" என்றுதான் பதில் வரும்.

அந்தப் பதில் உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. நம்ம ஆட்கள் வீடு வாங்கவில்லையே தவிர, நம்ம ஆட்கள் குடியிருந்த வீடுகளை நூற்றைம்பது வருடமாக யாரோ ஒருவர் வந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தார். தொரை பார்த்தார், டாக்டர் பார்த்தார், அதிகாரி பார்த்தார். வீட்டுக்குள் இருந்தவருக்கு மட்டும் அந்த அறிக்கை வரவில்லை. வீடு வாங்கும்போது நாம் என்ன கேட்க வேண்டும் என்பது இந்த வரலாற்றிலேயே இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

வீட்டுப் பரிசோதனை என்றால்

அமெரிக்காவில் வீடு வாங்கப்போகிறவர் விலை பேசியவுடன், காசு கொடுத்து ஒரு பரிசோதகரை அமர்த்துவார். அவர் கூரை, அத்திவாரம், மின்சாரம், தண்ணீர்க் குழாய், கழிவு எல்லாவற்றையும் பார்த்து எழுத்தில் ஓர் அறிக்கை கொடுப்பார். அதை வைத்து வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்லலாம், திருத்தித் தரச் சொல்லலாம், வேண்டாம் என்று விலகலாம். அங்கே இந்தப் பரிசோதகர்களுக்கு 1976இல் தனியாக ஒரு சங்கமே உருவானது. இங்கிலாந்தில் இதே வேலையை 'சேர்வேயர்' என்று அழைக்கப்படும் கட்டட நிபுணர்கள் செய்கிறார்கள்.

நம்ம நாட்டில் வீடு வாங்குபவர் பெரும்பாலும் தெரிந்த மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார். தாள்களை நொத்தாரிசு பார்ப்பார். வங்கிக் கடன் எடுத்தால் மதிப்பீட்டாளர் ஒருவரும் வருவார். இந்த மதிப்பீட்டாளர் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 'பேங்க்ல இருந்தே வந்து பார்த்துட்டாங்க, வீடு நல்லா இருக்கும்' என்று நினைத்துவிடுகிறார்கள். அவர் பார்ப்பது கடன் கட்டாமல் போனால் அந்த வீட்டை விற்று வங்கி தன் பணத்தை எடுக்க முடியுமா என்பதை. மழைக்கு அடுப்படி ஒழுகுமா என்பது அவர் வேலை இல்லை.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னமும் நடைமுறையில் இருக்கிறது. காணி விற்பனை செல்லுபடியாக வேண்டுமென்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு, எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டின் குறைகளைப் பற்றிய விதி ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வருகிறது. கண்ணால் பார்த்தாலே தெரியும் குறையை வாங்குபவர் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். மறைந்திருக்கும் பெரிய குறைக்கு விற்றவர் பதில் சொல்ல வேண்டி வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காசு கைமாறிய பிறகு வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைவதைவிட, முன்னாடியே பார்ப்பது நல்லது.

தோட்டம் விற்கப்பட்டது, லயமும் சேர்ந்து

இனி மடுல்கெல்லைக்கு வருவோம். நக்கிள்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் இந்த ஊர் தேயிலைக்கு முன்னாடி கோப்பி விளைந்த பூமி. 1869இல் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட கோப்பி இலைத் துரு நோய் அடுத்த பதினைந்து வருடத்தில் அந்தப் பயிரை அழித்தது. தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியன்டல் பேங்க் 1884இல் விழுந்தது. கடனில் மூழ்கின தோட்டங்கள் கைமாறின. பிறகு தேயிலை வந்தது, லண்டன் கம்பனிகள் வந்தன, தோட்டங்கள் மறுபடி கைமாறின.

இந்தக் கைமாற்றங்களில் பரிசோதனை இருந்தது, அதுவும் கறாராகவே இருந்தது. முதலாளி இங்கிலாந்தில் இருப்பார், தோட்டம் இங்கே இருக்கும். அவருக்காகத் தோட்டத்தைச் சுற்றிப்பார்த்து அறிக்கை எழுத 'விசிட்டிங் ஏஜென்ட்' என்று ஒருவர் இருந்தார். நம்ம ஆட்கள் 'வி.ஏ. தொரை' என்பார்கள். மலை எப்படி இருக்கு, கான் வெட்டியிருக்கா, பெக்டரி எப்படி, பங்களா எப்படி, லயம் எத்தனை காம்பரா, கூரைத் தகரம் மாத்தணுமா என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. ஆகவே மடுல்கெல்ல மாதிரியான ஊரில் 'சொத்தை வாங்கும் முன் பார்ப்பது' என்பது புது விஷயமே இல்லை. பார்க்கப்பட்ட சொத்தின் கணக்கில் லயமும் ஒரு வரி, அவ்வளவுதான். அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பமே சமைத்துப் படுத்து எழும்பியது.

தொழிலாளியின் பக்கத்திலும் ஒரு தாள் இருந்தது. அதுதான் 'துண்டு'. ஒருவர் ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போவதென்றால், அவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுப்பார்கள். 1921இல் சட்டம் போட்டுத்தான் இந்த முறையை நிறுத்தினார்கள். அந்தக் காலத்துத் தொழிலாளிக்கு வீடு கைமாறவில்லை, கடனோடு சேர்த்து ஆள்தான் கைமாறினார்.

டாக்டர் வந்தார்

லயத்தை வேறொரு கண்ணோடு பார்க்க வந்தது மருத்துவத் துறை. கோப்பிக் காலத்தில் வழியிலும் லயத்திலும் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். 1872இல் தோட்டங்களுக்கான மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. 1912இல் அதைப் புதுப்பித்தார்கள். லயத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஓரளவு சுகாதாரமாக வைத்திருப்பது தோட்டத் தொரையின் பொறுப்பு என்றும், மருத்துவ அதிகாரிகள் வந்து பார்க்கலாம் என்றும் ஆனது. 1916இலிருந்து ரொக்கபெல்லர் மன்றத்தின் ஆட்கள் கொக்கிப்புழு நோயைத் தேடித் தோட்டங்களுக்கு வந்தார்கள். மண்ணில் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்கு இந்த நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து, மலசலகூடம் கட்டச் சொன்னார்கள்.

இதைக் குறைத்துச் சொல்ல முடியாது. மலசலகூடம் வந்ததால் உயிர்கள் பிழைத்தன. ஆனால் அந்த அறிக்கைகள் யாருக்குப் போயின என்று பாருங்கள். டாக்டர் அரசாங்கத்துக்கு எழுதினார், அரசாங்கம் தோட்டத்துக்கு எழுதியது, தோட்டம் செலவு எவ்வளவு என்று கம்பனிக்கு எழுதியது. தன் வீட்டில் என்ன பிழை என்று அந்த வீட்டில் இருந்தவர் வாசிக்க ஒரு வரிகூட இல்லை.

1922இன் இந்தியக் குடியகல்வுச் சட்டத்துக்குப் பிறகு இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியில் அலுவலகம் போட்டு இருந்தார். அவரும் தோட்டங்களுக்குப் போனார், லயங்களைப் பார்த்தார், வருடா வருடம் அறிக்கை எழுதினார். அந்த அறிக்கை போனது டில்லிக்கு.

ரெலுகாஸ், 1936

இந்த வரிசையில் ஒருத்தர் மட்டும் வேறு மாதிரி. மடுல்கெல்ல ரெலுகாஸ் தோட்டத்துக்கு 1936இல் சின்னத்தொரை வேலை பழக ஓர் இளைஞர் வந்தார். பெயர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில். லண்டனில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். வயது இருபதுகளின் நடுவில், எங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட.

வேலை பழக வந்தவர் பங்களாவையும் பார்த்தார், லயத்தையும் பார்த்தார். தொழிலாளர்களை நடத்தும் விதம் பற்றிப் பெரிய தொரையோடு முரண்பட்டார். வேலை போனது. திரும்ப அவுஸ்திரேலியாவுக்குப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை, லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் சுமார் 2,000 தோட்டத் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில், மேலே தெரிந்த வெள்ளைப் பங்களாக்களைக் காட்டி, அங்கே தொரைமார் வாழும் வாழ்க்கையையும் கீழே தொழிலாளர்கள் வாழும் வாழ்க்கையையும் பேசினார். இதுவரை நாம் சொன்னவர்கள் எல்லோரும் மேலிடத்துக்கு எழுதினார்கள். இவர் பார்த்ததை அங்கே குடியிருந்தவர்களிடமே சொன்னார்.

விளைவு உடனே வந்தது. ஆளுநர் ஸ்டப்ஸ் 48 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டுப் போகும்படி உத்தரவு போட்டார். பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். மே 5ஆம் திகதி அரசாங்க சபையில் ஆளுநரின் செயலுக்கு எதிரான தீர்மானம் நிறைவேறியது. அன்றைக்கே காலிமுகத்திடல் கூட்டத்தில் அவர் மேடையேறினார். பிறகு கைது செய்யப்பட்டார். ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவசர நிலைக்கென்று கொடுக்கப்பட்ட அதிகாரத்தை ஆளுநர் இப்படிப் பயன்படுத்த முடியாது என்று தீர்ப்பு வந்தது.

இலங்கை வரலாற்றுப் புத்தகங்கள் இதை அரசியலமைப்பு வழக்காகவும் இடதுசாரி இயக்கத்தின் வெற்றியாகவும் எழுதுகின்றன. அதெல்லாம் சரி. எங்களுக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. ஒரு லயம் எந்த நிலையில் இருக்கிறது என்று அந்த லயத்து ஆட்களிடமே பேசுவது, ஓர் ஆளை நாடு கடத்தும் அளவுக்குப் பெரிய விஷயமாக அன்றைக்கு இருந்தது.

வீட்டுக்காரர் யார்?

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியிருக்க வேண்டும். 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்ம ஆட்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. நாடில்லாதவர் காணி கேட்க முடியுமா? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அதன் பிறகு வந்த வருடங்களில் பல குடும்பங்கள் லயத்தைப் பூட்டிச் சாவியைத் தோட்டத்திடமே கொடுத்துவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறின. மூன்று தலைமுறை இருந்த வீடு, விற்க ஒன்றுமில்லை.

1971இல் வந்த தோட்டக் குடியிருப்புகள் பற்றிய சட்டம், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தொழிலாளியை வீட்டைவிட்டு எழுப்ப முடியாது என்றது. இது ஒரு பாதுகாப்பு, ஆனால் உரிமை இல்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்திடம் வந்தன. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. கண்டிப் பக்கத்தில் கணிசமான தோட்டங்கள் அரச நிறுவனங்களிடமே தங்கின. இவ்வளவு கைமாற்றத்திலும் லயம் தோட்டத்துச் சொத்தாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க இடம் கொடுக்கவில்லை. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். ஊரில் ஒரு வீட்டுக்கு வரைபட அனுமதி, முடித்த பிறகு சான்றிதழ் என்று இருக்கிற ஒழுங்கெல்லாம் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டது.

பிறகு 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டம் வந்தது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடு, 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த இன்னும் 10,000 வீடு. லயம் உடைந்து தனி வீடாவது பெரிய மாற்றம்தான். ஆனால் இன்னமும் நிறையப் பேர் லயத்திலேதான் இருக்கிறார்கள். சில இடங்களில் லயக் காம்பராவையும் அதோடு சேர்த்துக் கட்டின பகுதியையும் காசுக்குக் கைமாற்றி ஒரு தாளில் எழுதிக்கொள்கிறார்கள். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். நொத்தாரிசு இல்லாத, விற்பவருக்கே உரிமை இல்லாத அந்தத் தாள் ஓர் உறுதி ஆகாது.

மலையைப் பார்க்கிறவர்கள்

இன்றைக்கு மலைநாட்டில் வீடு பார்க்க வருகிறவர்களில் முக்கியமானவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார். 1984இல் உருவான நிறுவனம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் காணி எப்படிப்பட்டது, அங்கே கட்டலாமா, குடியிருப்பவர்கள் எழும்ப வேண்டுமா என்று அறிக்கை கொடுப்பது இவர்கள்தான். கண்டி அந்தப் பட்டியலில் இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். அதாவது பரிசோதனை நடந்தது, அறிக்கை சரியாகவும் இருந்தது. ஆனால் எழும்பிப் போக அந்தச் சனத்துக்கு வேறு காணி இல்லை. 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் வந்தபோது நாடு முழுக்க 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலை சரிந்தே பெரும் அழிவு வந்தது. அதன் பிறகு எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: எங்க லைனுக்கு ரிப்போர்ட் என்ன சொல்லுது?

நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகாவது இந்தக் கேள்வியை நாம் கேட்கிறோம். இதைக் கேட்கப் பழகுவதுதான் வீடு வாங்குவதற்கும் முதல் படி.

அப்போ நாம் என்ன பார்க்கணும்?

முதலில் தாள். காணிப் பதிவகத்தில் பின்னோக்கி 30 வருடமாவது தேடச் சொல்லுங்கள். நில அளவைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையை நடந்து பாருங்கள். வீதி அகலிப்புக்கு அந்தக் காணி போகுமா என்று பிரதேச சபையில் கேளுங்கள். கட்டிய வீடு அனுமதித்த வரைபடத்தின்படி இருக்கிறது என்ற சி.ஓ.சி. சான்றிதழ் இருக்கிறதா? மலைக் காணி என்றால், கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறதா? "பக்கத்து வீட்டுக்குக் கிடைச்சிச்சு" என்பது பதில் இல்லை, அறிக்கை அந்தக் காணிக்கே இருக்க வேண்டும்.

அடுத்தது மலை. வீட்டுக்குள் போகும் முன் வீட்டுக்குப் பின்னால் போங்கள். பின்பக்க மண் நிமிர்த்தி வெட்டியிருக்கிறதா? தாங்கு சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வெளியேற ஓட்டை இருக்கிறதா, வயிறு தள்ளி நிற்கிறதா? மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா? தரையில் வெடிப்பு? புதிதாக ஓர் ஊற்று, அல்லது திடீரெனக் கலங்கின பீலித் தண்ணீர்? இவை எல்லாம் மண் நகர்கிறது என்பதற்கான அடையாளங்கள்.

பிறகு வீடு. வெயில் நாளில் ஒரு தடவையும், விடாமல் மழை பெய்த மறுநாள் ஒரு தடவையும் பாருங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பும், நிலையில் இறுகிப் பூட்ட முடியாத கதவும் அத்திவாரத்தைப் பற்றிப் பேசுகின்றன. புதிதாகப் பெயின்ட் அடித்த ஒரே ஒரு சுவர் இருந்தால், ஏன் அந்தச் சுவர் மட்டும் என்று கேளுங்கள். கூரைமரத்தைக் குத்திப் பாருங்கள், கறையான் இருக்கலாம். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா? தண்ணீர் யாருடைய காணியிலிருந்து வருகிறது? மலக்குழி எங்கே, கிணறு எங்கே? பாதை உங்கள் உறுதியில் இருக்கிறதா, இல்லை அடுத்த வீட்டார் மனசில் இருக்கிறதா?

பாஸைக் கூட்டிப் போனால், விற்பவர் சொன்ன பாஸாக இல்லாமல் நீங்கள் கூலி கொடுக்கும் பாஸாக இருக்கட்டும். முடிந்தால் கட்டடப் பொறியியலாளர் ஒருவரிடம் காசு கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். வீட்டின் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு. வீட்டை விற்கிறவராக இருந்தாலும் தெரிந்த குறையைச் சொல்லிவிட்டு விற்பதே நல்லது. மறைத்த குறை வழக்காகத் திரும்பி வரும்.

வாங்கும் நிலையில் இல்லாதவர்களுக்கும், லயத்திலேயே இருப்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தோட்டத்தில் மண்சரிவுப் பரிசோதனை நடந்திருந்தால் அந்த அறிக்கையின் பிரதியைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தப் பிரஜையாக இருக்க வேண்டும். 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் மிச்சமிருந்தவர்களுக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் குடியுரிமையால் என்ன பிரயோசனம் என்று கேட்கிறவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

உங்கள் லயத்தின் பெயர், தோட்டத்துப் பிரிவு, கிராம சேவகர் பிரிவு மூன்றையும் எழுதி, தமிழிலேயே விண்ணப்பியுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு நாம் எழுதிக் கொடுக்கலாம். வருகிற பதிலைக் கோப்பில் வைக்காமல் லயத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.